ஒத்தை சிக்லிட்டுக்குத் துணை சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்க்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக் கேள்விகள் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்: "வீட்டில் ஆண் சிக்லிட் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பெண் வாங்கி விட்டேன், போட்டு அடிக்கிறது, என்ன செய்ய?" சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். அதில் நான் அதிகம் வளர்த்தது கான்விக்ட். கறுப்புப் பட்டை போட்ட மத்திய அமெரிக்க மீன். கைதி உடுப்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆள் சின்னது, கோபம் பெரியது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதை வைத்துச் சொல்வதுதான். மற்ற வகைகளுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பாவம் தனியாக இருக்கிறதே என்றுதானே பெண்மீன் வாங்கி விட்டேன். அதைப் போய் ஏன் கொல்லப் பார்க்கிறது?

ஏரி வற்றும் காலத்தில் கரையோரச் சேற்றில் தட்டு தட்டாக வட்டக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் அது ஜிலேபி மீன் பறித்தது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவைத்தான் நாம் ஜிலேபி என்கிறோம். அதுவும் சிக்லிட் குடும்பமே. ஒவ்வொரு குழியும் ஓர் ஆண் மீனின் மனை. பெண் அந்தக் குழியைத் தேடி வரும். பிடித்தால் நிற்கும், பிடிக்காவிட்டால் போய்விடும்.

உங்கள் கண்ணாடித் தொட்டியில் அந்தப் 'போய்விடும்' என்பதற்கு இடமில்லை. நான்கு சுவரும் ஆணின் பட்டா நிலம். மாதக்கணக்கில் அது மட்டும் ஆண்ட இடத்தில் திடீரென ஒரு மீன் விழுகிறது. முதல் சில நிமிடங்களில் அதற்குத் தெரிவது 'பெண்' என்பதல்ல, 'அத்துமீறி வந்த மீன்' என்பதுதான். துரத்துகிறது. வந்த மீன் கண்ணாடி மூலை வரை ஓடுகிறது, அதற்கு மேல் வழியில்லை. ஆணின் கணக்கில் எதிரி எல்லையை விட்டுப் போக மறுக்கிறது. ஆற்றில் ஐந்து விநாடியில் முடிகிற துரத்தல் தொட்டியில் விடிய விடிய நடக்கும்.

ஆக, கோபம் பெண் மேல் இல்லை, இடத்தின் மேல். ஏற்கெனவே குடியிருக்கும் மீனுக்குச் சண்டையில் கை ஓங்கும் என்பது விலங்கு நடத்தை படிப்பவர்கள் பல மீன்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். கீழே சொல்லும் தந்திரங்கள் எல்லாமே அந்தக் குடியிருப்பு உரிமையைக் கொஞ்ச நாளுக்குக் கலைக்கும் வேலைதான்.

ஒத்தையாக இருக்கும் மீன் ஏங்குமா? துணை கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆஸ்கர், பிளவர்ஹார்ன் போன்ற பெரிய சிக்லிட்கள் தனியாகவே ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும். உங்களைப் பார்த்ததும் கண்ணாடிக்கு வந்து ஆடும். அது துணைக்கு ஏங்கி ஆடுவதில்லை, சாப்பாட்டுக்கு.

ஆனால் ஏற்கெனவே ஜோடியாக வாழ்ந்த மீனின் கதை வேறு. பிரான்சில் டிஷோன் நகர ஆய்வாளர்கள் 2019-இல் பெண் கான்விக்ட்களிடம் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். உணவு இருக்கும் பெட்டிக்கு ஒரு நிற மூடி, வெறும் பெட்டிக்கு இன்னொரு நிற மூடி என்று பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவான நிறத்தில் ஒரு மூடியைக் காட்டினார்கள். தனக்குப் பிடித்த ஆணிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண்கள் அந்தப் பெட்டியைத் திறக்கத் தயங்கின. 'இதில் எங்கே இருக்கப் போகிறது' என்கிற மனநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காத ஆணைப் பிரித்தபோது அந்தத் தயக்கம் வரவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரி. ஏதோ ஒரு துணை என்பது கணக்கில் வராது; பிடித்த துணைதான் கணக்கு. நாம் கடையில் கைகாட்டி வாங்கி வருவதை அது ஏற்றே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எந்த வகைகளுக்கு இந்த முறைகள் பொருந்தும்?

ஜோடி சேர்ந்து, இருவருமாகக் குஞ்சைக் காக்கும் வகைகளுக்கு: கான்விக்ட், ஜாக் டெம்ப்சி, கிரீன் டெரர், டெக்சாஸ், நம் உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு, கேரளத்துக் கரிமீன். ஆம், கரிமீனும் சிக்லிட்தான்.

ஏஞ்சல், ராமிரெசி, கிரிபென்சிஸ் போன்றவை இவ்வளவு முரடு கிடையாது. அதே முறையைப் பாதித் தீவிரத்தில் செய்தால் போதும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு இது எதுவும் பொருந்தாது, பிளவர்ஹார்னுக்கும் கொஞ்சம் வேறு. இரண்டையும் கடைசியில் பார்ப்போம்.

வாங்குவது பெண்தான் என்று எப்படி உறுதி செய்வது?

கான்விக்ட்டில் சுலபம். வயிற்றோரம் ஆரஞ்சோ தங்க நிறமோ மினுங்கினால் பெண். ஆண் பெரிதாக, முதுகுத் துடுப்பு நீண்டு, நெற்றி செங்குத்தாக, நிறம் மட்டும் மந்தமாக இருக்கும். வழக்கத்துக்கு மாறாக, இங்கே அலங்காரம் பெண்ணுக்கு. கிரிபென்சிஸிலும் ஊதா-சிவப்பு வயிறு பெண்ணுடையது.

ஆஸ்கரில் வெளித்தோற்றத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. "இது கன்ஃபார்ம் ஃபீமேல்" என்று கடையில் சத்தியம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். முட்டையிடப் போகும் சில நாட்களுக்கு முன் அடிவயிற்றில் சின்னக் குழாய் ஒன்று வெளியே தெரியும். தடித்து மழுங்கி இருந்தால் பெண், மெலிந்து கூராக இருந்தால் ஆண். மற்ற நாட்களில் அனுபவசாலி மீனைக் கையில் புரட்டிப் பார்த்துச் சொல்லலாம். அவரும் சில சமயம் தவறுவார்.

ஆஸ்கர், ஏஞ்சல் இரண்டுக்கும் பழைய வழிதான் நல்ல வழி: ஆறு குஞ்சுகளை ஒன்றாக வாங்கி வளர்த்து, அவையே ஜோடி பிரிந்த பிறகு மற்றவற்றைக் கொடுத்துவிடுவது. இப்படிச் சேர்ந்த ஜோடிக்கு இந்தப் பக்கம் முழுவதுமே தேவைப்படாது.

பெண் எந்த அளவில் இருக்க வேண்டும்?

ஆணின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். ஆண் 4 இன்ச் என்றால் பெண் 3 இன்ச் நல்லது. 'சின்னதாக இருந்தால் அடங்கிப் போகும்' என்று ஒன்றரை இன்ச் குஞ்சை வாங்குவதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகக் கொடியது. முட்டையிடும் பருவத்துக்கு வராத பெண் ஆணுக்குப் பெண்ணே கிடையாது. உடலும் ஒரு மோதலைத் தாங்காது.

குடியிருப்பது பெண், புதிதாக வருவது ஆண் என்றால் வேலை பாதி குறையும். ஆண் பெரிதாக இருப்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும், பெண்ணின் அதட்டலையும் பொறுத்துப்போகும். எனக்கு இரண்டு மூன்று முறை இது எந்தத் தடுப்பும் இல்லாமலே நடந்திருக்கிறது. அதற்காக அதையே விதியாக வைத்துவிடாதீர்கள். முட்டை வைத்திருக்கும் பெண் கான்விக்ட் தன்னைவிட இரண்டு மடங்கு மீனையும் ஓட ஓட விரட்டும்.

கடையிலிருந்து வந்ததும் நேரே விடலாமா?

வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வெள்ளைப்புள்ளி போன்ற நோய் வெளிப்படுவதற்கு அந்தக் கால அவகாசம் வேண்டும். சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு என்று பை மாறிப் பை மாறி வந்த மீன் ஏற்கெனவே அரை உயிர். இந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டுத் தேறினால், சண்டையைத் தாங்கவும் முட்டை கட்டவும் அதனிடம் தெம்பிருக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கான்விக்ட்டுக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: சுமார் 190 லிட்டர். கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சிக்கு 4 அடியிலிருந்து தொடங்குங்கள். 2 அடித் தொட்டியில் முரட்டு சிக்லிட் இரண்டைச் சேர்ப்பது, பூட்டிய லிஃப்டில் இரண்டு பேரை மல்லுக்கு விடுகிற மாதிரி.

உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம், ஏனெனில் மீன் தரையைத்தான் பங்கு போடுகிறது. அமெரிக்காவில் மிடாஸ் சிக்லிட்களை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வும் இடத்தின் அருமையைச் சொன்னது: இடமும் மறைவிடங்களும் சேர்ந்து கூடியபோதுதான் மீன்கள் சண்டைக்குச் செலவிடும் நேரம் குறைந்தது.

மறைவிடத்துக்கு மண்சட்டி, கொட்டாங்குச்சி, பிவிசி குழாய் எல்லாம் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எதுவும் ஒரு வழி மட்டும் உள்ள குகையாக இருக்கக் கூடாது. உள்ளே போன பெண்ணை ஆண் வாசலில் நின்று மடக்கிவிடும். சட்டியின் அடியை உடைத்து இரண்டு வழி வையுங்கள். பெண் நுழையும், ஆண் நுழையாது என்கிற அளவில் குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்று இருந்தால் அது உயிர்காக்கும். நடுவில் நின்றால் தொட்டியின் மறுமுனை தெரியாதபடி கல்லையும் கட்டையையும் அடுக்குங்கள். கண்ணில் படாத எதிரியைத் துரத்த முடியாது.

சரி, சேர்க்கும் நாளன்று என்னென்ன செய்வது?

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு வருடமாகத் தனியே இருந்த ஆண் கான்விக்ட்டிடம் ஒரு பெண்ணைப் பையிலிருந்து அப்படியே விட்டேன். அரை மணி நேரம் பார்த்தேன். ஆண் பக்கவாட்டில் நின்று வாலை அடித்துக் காட்டியது. 'ஆஹா, கொஞ்சுகிறது' என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பெண் பில்டருக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வால் என்று ஒன்று இல்லை.

இப்போது செய்வது இது.

முதலில் ஆணை வெளியே எடுத்து வேறு தொட்டியிலோ வாளியிலோ (ஏர் பம்ப்போடு) விடுகிறேன். பிறகு தொட்டியைத் தலைகீழாக மாற்றுகிறேன். கல் இருந்த இடத்தில் சட்டி, சட்டி இருந்த இடத்தில் கட்டை. ஆண் பறித்த பள்ளங்களை மூடி மணலைச் சமன்படுத்துகிறேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்றுகிறேன். ஆண் திரும்பி வரும்போது அது அதன் வீடாக இருக்கக் கூடாது.

அடுத்து, பெண்ணை மட்டும் அந்தத் தொட்டியில் விட்டு இரண்டு மூன்று நாள் தனியாக வைக்கிறேன். எந்தச் சட்டியில் நுழையலாம், எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று அதற்கு மனப்பாடம் ஆகட்டும். முதல் நாள் மூலையில் நிற்கும். மூன்றாம் நாள் மணலைக் கிளற ஆரம்பிக்கும். அதுதான் அடையாளம்: இப்போது பட்டா அதன் பெயரில்.

அதன் பிறகு நடுவே தடுப்பைப் போட்டு, மறுபக்கத்தில் ஆணை விடுகிறேன். விளக்கு அணைந்த நேரத்தில், இரண்டுமே வயிறாரச் சாப்பிட்ட பிறகு. ஆணின் வாளி நீரும் தொட்டி நீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

புதுத் தொட்டி ஒன்று தயாராக இருந்தால் இன்னும் நல்லது. இருவருமே புதுக் குடித்தனம், யாருக்கும் உரிமை கிடையாது. பில்டர் பழைய தொட்டியில் ஓடிப் பழகியதாக இருக்கட்டும்; புது பில்டரில் அம்மோனியா ஏறினால் சண்டையே தேவையில்லை, தண்ணீரே கொன்றுவிடும்.

தடுப்பு எதில் செய்வது?

ஃபால்ஸ் சீலிங் கடைகளில், டியூப்லைட்டுக்கு அடியில் மாட்டும் சதுரக் கட்டம் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தட்டி கிடைக்கும். கட்டிங் பிளேயரால் அளவுக்கு வெட்டலாம். தண்ணீர் தடையில்லாமல் ஓடும், பார்வையும் மணமும் இரு பக்கமும் போகும். துளை போட்ட அக்ரிலிக் தகடும் சரி. மூடிய கண்ணாடி போட்டால் தண்ணீர் கலக்காது. இரு பக்கமும் தனித்தனி பில்டர் வேண்டியிருக்கும்.

தட்டியை அழுத்தமாக நிறுத்துங்கள். மேலே மூடி வரை உயரம் வேண்டும், அடியில் மணலுக்குள் இரண்டு இன்ச் புதைந்திருக்க வேண்டும். சிக்லிட் மணலைத் தோண்டும் என்பதை நானே மறந்து, அடியில் பாதை வெட்டி ஆண் அந்தப் பக்கம் போன ஒரு செவ்வாய்க்கிழமையும் எனக்கு உண்டு. இப்போது தட்டியின் அடிவிளிம்பைத் தரைக் கண்ணாடி வரை இறக்கி, இரண்டு பக்கமும் கல்லை அண்டைகொடுத்துவிடுகிறேன்.

தடுப்பை எப்போது எடுக்கலாம்?

நாள் கணக்கு வேண்டாம், மீனைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம். எனக்கு ஒரு ஜோடி ஐந்தாம் நாளே ஒத்துப்போனது. ஒன்று நாற்பது நாள் கழித்தும் ஒத்துவரவில்லை.

முதல் சில நாள் ஆண் தட்டியில் மோதும், செவுள் மூடியை விரித்துக் காட்டும். அது ஓய வேண்டும். பிறகு இரண்டும் தட்டிக்கு இருபுறமும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் எதிரெதிராக மணல் பறிக்கும். தலையைத் தாழ்த்தி உடலைச் சிலிர்க்கும். குளிரில் நடுங்குவது போல விநாடிக்கணக்கில் ஒரு அதிர்வு. அதுதான் காதல் மொழி. பெண்ணின் வயிற்று நிறம் ஏறும். முட்டைக் குழாய் தெரிந்தால் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பெண் இன்னும் தூர மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால், மாதமானாலும் எடுக்காதீர்கள்.

எடுப்பது விடுமுறை நாள் காலையில் இருக்கட்டும். நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். அன்று மாலை மறுபடி தடுப்பைப் போட்டுவிடுங்கள். இரவில் தனியாக விட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் பகலில் மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

தடுப்பில் சின்ன ஓட்டை போடுவது பற்றிக் கேள்விப்பட்டேன். வேலை செய்யுமா?

நான் பார்த்தவரை இதுதான் சிறந்த முறை. ஆணைவிடப் பெண் சிறியதாக இருக்கும் வகைகளுக்கு மட்டும். பெண் நுழையும், ஆண் நுழைய முடியாத அளவில் தட்டியில் ஒரு வழி வெட்டுங்கள். சந்திப்பதா வேண்டாமா என்பது பெண்ணின் கையில் வந்துவிடும். ஏரியில் எப்படியோ அப்படி. அடி விழுந்தால் ஓட்டை வழியே தன் வீட்டுக்குப் போய்விடும். ஆண் வாசலில் நின்று உறுமிவிட்டுத் திரும்பும். சில நாளில் ஓட்டையின் பக்கத்திலேயே சட்டிக்குள் முட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண் முட்டை வைத்துக் கனத்திருக்கும்போது அந்த ஓட்டையில் சிக்காதபடி கொஞ்சம் தாராளமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

எது செல்லச் சண்டை, எது கொலைவெறி?

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம்.

துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நிற்பது, வாலால் தண்ணீரை எதிராளி மேல் வீசுவது, செவுள் விரிப்பது, வாயோடு வாய் கவ்வி இழுப்பது ('லிப் லாக்' என்பார்கள்): இவை ஒருவரை ஒருவர் எடைபோடும் முறைகள். இரண்டும் சமமாகச் செய்தால் நல்லது. பெண்ணும் திருப்பிக் கவ்வுகிறது என்றால் நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பேன். வலுச் சோதனை முடிந்ததும் பல ஜோடிகள் அன்றைக்கே பள்ளம் பறிக்கத் தொடங்கும்.

ஒருதலையாக மாறும்போதுதான் ஆபத்து. ஒன்று மட்டுமே துரத்துகிறது, மற்றது திரும்பியே பார்க்காமல் ஓடுகிறது. துடுப்பு எல்லாம் உடம்போடு மடங்கிவிடுகிறது. நிறம் வெளுக்கிறது அல்லது திட்டுத்திட்டாகக் கறுக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், தலை மேலாகச் செங்குத்தாக நிற்கிறது. சாப்பாடு போட்டாலும் வெளியே வருவதில்லை. இதைப் பார்த்தால் 'பழகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள், உடனே பிரியுங்கள். செதில் ஒன்றும் விழாமலே, பயத்தின் அழுத்தத்திலேயே மீன் செத்துப்போகும்.

ஒரு அளவுகோல்: துரத்தல் ஐந்தாறு விநாடியில் நின்று, ஆண் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டால் பரவாயில்லை. மறைவிடத்துக்குள் புகுந்து தேடித் தேடி அடித்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

மூன்றாவதாக ஒரு மீனை விட்டால் கோபம் அதன் மேல் திரும்பும் என்கிறார்களே?

உண்மைதான். நடத்தை அறிவியலுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ் சிக்லிட் ஜோடிகளை வளர்த்தவர். இரண்டு ஜோடிகளை நடுவில் கண்ணாடி வைத்து ஒரே தொட்டியில் வைத்தால், ஒவ்வொன்றும் தன் கோபத்தைப் பக்கத்து வீட்டின் மேல் காட்டிவிட்டுத் தன் துணையிடம் அமைதியாக இருக்கும் என்று கண்டார். நடுக் கண்ணாடியில் பாசி படிந்து பக்கத்து வீடு மறைந்ததும் ஆண் தன் பெண்ணிடமே முறைக்கத் தொடங்கும். பாசியைத் துடைத்ததும் வீட்டில் சமாதானம். நம் ஆரஞ்சு குரோமைடை வைத்து 1969-இல் வெளியான ஆய்வும், தனித்துவிடப்பட்ட ஜோடியில் ஆணின் கோபம் பெண் மேல் திரும்புவதைக் காட்டியது.

பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துகிறவர்களை நாமும் பார்த்ததில்லையா என்ன.

வீட்டில் செய்ய, தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டி இன்னொரு தொட்டியில் ஒரு சிக்லிட்டை வையுங்கள். அதே தொட்டிக்குள் பலியாடாக ஒரு மீனை விடுவது எனக்குப் பிடிக்காது. நான்கு அடிக்குக் குறைவான தொட்டியில் அது அடிபட்டே சாகும். பெரிய தொட்டி என்றால், மேல்மட்டத்தில் வேகமாக நீந்தும் ஜயன்ட் டானியோ போன்ற கூட்டம் ஒன்றை விடலாம். ஆண் பார்வையாலேயே அவற்றைத் துரத்திக் களைத்துவிடும். மேலே மீன்கள் பயமின்றித் திரிவதைப் பார்த்துப் பெண்ணும் தைரியமாக வெளியே வரும்.

கண்ணாடி காட்டுவது? தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துப் பாயும். நாளுக்கு இரண்டு நிமிடம் காட்டினால் தப்பில்லை. அதற்கு மேல் அது வதை.

சூடு, வெளிச்சம், பசி?

சூடு ஏறினால் உடல் வேகம் ஏறும், கோபமும் ஏறும். சேர்க்கும் வாரத்தில் 25 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்து, ஒத்துப்போன பிறகு 27-28-க்கு ஏற்றுங்கள். சென்னையில் மே மாதம் தொட்டி நீர் தானாகவே 31-ஐத் தாண்டும், கரைந்த ஆக்சிஜனும் குறையும். அந்த மாதத்தில் ஜோடி சேர்க்கும் வேலையே வேண்டாம், ஐப்பசி வரட்டும்.

வெளிச்சத்தைக் குறையுங்கள். சாப்பாட்டை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

பிளவர்ஹார்னுக்கு ஜோடி சேர்க்க வேண்டும். இதே முறையா?

பிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன். அதன் இரத்தத்தில் ஓடுவது மத்திய அமெரிக்க முரட்டு சிக்லிட்கள். ஜோடியாகக் குடித்தனம் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். குஞ்சு எடுப்பவர்கள் பெரும்பாலும் தட்டியை எடுப்பதே இல்லை. பெண் தட்டியின் அருகில் தட்டையான ஓடு ஒன்றில் முட்டையிடும். ஆணின் விந்து பில்டர் ஓட்டத்தோடு தட்டியின் கட்டங்கள் வழியே வந்து சேரும். முழுப் பயன் கிடைக்காது, ஆனால் பெண் பிழைக்கும். தலையில் பெரிய புடைப்பு உள்ள ஆண்களில் பல மலடு என்பதையும் மனதில் வையுங்கள். அதிர்ஷ்டத்துக்காக வாங்கிய மீன் என்றால் தனியாகவே இருக்கட்டும்.

மலாவி மீன்களுக்கு ஒரு ஆண், ஒரு பெண் போதுமா?

போதாது. பாறை இடுக்குகளில் வாழும் இந்த 'முபுனா' வகைகளில் ஜோடி என்பதே கிடையாது. பெண் முட்டையை வாயில் எடுத்து ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும், ஆண் அடுத்த பெண்ணிடம் போய்விடும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்களாவது வேண்டும். இங்கே தொட்டியில் கொஞ்சம் நெரிசல் இருப்பதே நல்லது. யாராலும் எல்லை கட்ட முடியாமல் போகும். புது மீனை ஒன்றாக விடாமல் மூன்று நான்காகச் சேர்த்து விடுங்கள். ஒன்று மட்டுமே அடி வாங்காது.

அடிபட்டுவிட்டது. என்ன மருந்து?

முதல் மருந்து தனிமை, இரண்டாவது சுத்தமான தண்ணீர். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றம், குளோரின் நீக்கிய நீரால். கிழிந்த துடுப்பு ஓரிரு வாரத்தில் வளரும். காயத்தில் பஞ்சு போலப் படர்ந்தால் பூஞ்சை; அப்போது மெத்திலீன் புளூ. கண்ட கண்ட ஆன்டிபயாடிக்கைக் கரைத்து ஊற்றாதீர்கள். மீன் தானாகத் தேடி வந்து சாப்பிட்டு, துடுப்பை விரித்து நீந்தும் வரை திரும்பச் சேர்க்கும் பேச்சே வேண்டாம். ஒருமுறை தோற்ற மீன் அடுத்த மோதலிலும் எளிதில் தோற்கும். அவசரப்பட்டால் அதே கதைதான்.

எத்தனை முறை முயன்று பார்ப்பது?

நான் மூன்று முறை. அதற்குள் ஒத்துவராவிட்டால் இந்தப் பெண்ணை ஆணுக்குப் பிடிக்கவில்லை, அல்லது பெண்ணுக்கு ஆணை. வேறு பெண்ணைத் தேடலாம், அல்லது விட்டுவிடலாம். இரண்டு பெண்ணைக் கொல்லும் அளவுக்கு அடித்த ஆணுக்கு மூன்றாவதாக ஒன்றை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கடையில் கேட்டு வையுங்கள். பாதி விலைக்காவது எடுப்பார்கள்.

ஜோடி சேர்ந்து முட்டையும் போட்டாயிற்று. இனிமேல் நிம்மதிதானே?

கொஞ்ச நாளுக்கு. கான்விக்ட் முட்டை 27 டிகிரியில் மூன்று நாளில் பொரியும்; இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தும். இந்தக் காலத்தில் வெளி எதிரி இருக்கும் வரை பெற்றோர் இருவரும் ஒற்றுமை. முட்டை பூஞ்சை பிடித்துக் கெட்டாலோ, நாம் கையை விட்டுக் கலைத்தாலோ, ஒன்றையொன்று குறை சொல்வது போல அடித்துக்கொள்ளும். குஞ்சு பெரிதான பிறகு ஆண் அடுத்த முட்டைக்கு அவசரப்பட்டு, தயாராகாத பெண்ணை விரட்டும். பல 'நல்ல' ஜோடிகள் உடைவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே தட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கழுவி மூடிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

குஞ்சுகள் ஈத்துக்கு நூறு இருநூறு இருக்கும். மாதம் ஒருமுறைகூட முட்டை வரும். அவற்றை ஏரியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. ஜிலேபி நம் நீர்நிலைகளில் செய்தது போதும். கடையில் கொடுக்கலாம் என்றால், எங்கள் பக்கத்துக் கடைக்காரர் நான் கையில் பையோடு தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே ஷட்டரைப் பாதி இறக்குகிறார்.